ஓட்டு இல்லாதவர் தேர்தல் வேலைக்குப் போகலாமா?

திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியக் கூடாது என்பதால் பெயர், தெரு, கட்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். 1988இல் வவுனியாவில் பிறந்தவர். 1990இல் சண்டை மூண்டபோது இரண்டு வயதுப் பிள்ளையாகப் பெற்றோருடன் படகில் வந்து, மண்டபம் வழியாகக் கும்மிடிப்பூண்டி முகாமுக்கு வந்து சேர்ந்தார். படித்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். உள்ளூர்ப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, முகாமுக்கு வெளியே, போலீஸ் ஸ்டேஷனில் வெளிப்பதிவாக, பத்து வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறார். ஏழு வயதில் ஒரு மகள். மணலியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார், பட்டறையை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வேலை இல்லை. கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகப் போகும், படிவத்தில் குடியுரிமை என்ற கட்டம் வந்ததும் நின்றுவிடும் என்கிறார்.

இந்த நேரத்தில்தான் வட்டச் செயலாளர் கூப்பிட்டிருக்கிறார். தேர்தல் வேலை. முதலில் பணிமனையில் நாற்காலி போடுவது, கொடி கட்டுவது. அப்புறம் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பது. தொண்டு வேலைதான், சம்பளம் கிடையாது, ஆனாலும் ஒரு நாளைக்கு 500 ரூபாயும் ராத்திரிச் சாப்பாடும் கிடைக்கிறது. “உனக்கு ஓட்டர் ஐடி வாங்கித் தர்றேன், அது வந்தா சிட்டிசன்ஷிப் தானா வந்துடும்” என்று சொல்லி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6இல் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அகதி அட்டையின் அசலும் ஆதாரும் அவரிடமே இருக்கின்றன. மனைவி பயப்படுகிறார். இவருக்கோ விட மனதில்லை. கடிதத்தில் ஒரு இடத்தில் இப்படி எழுதுகிறார்: “அங்க போனா யாரும் என்னை அகதின்னு சொல்றதில்ல மேடம். தம்பி வந்துட்டான், இனி வேலை நடக்கும்னு சொல்றாங்க.”

கேள்விகள் இவை: கட்சி வேலை செய்வது குற்றமா? ஓட்டர் ஐடி வந்தால் குடியுரிமை கிடைக்குமா? தங்கை 1993இல் முகாமிலேயே பிறந்தவள், அவளுக்காவது ஓட்டு உண்டா? இதிலிருந்து விலகினால் அண்ணன் (வட்டச் செயலாளரைத்தான் அப்படிச் சொல்கிறார்) கோபித்துக்கொண்டு போலீஸில் ஏதாவது சொல்லிவிடுவாரா?

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது அந்த ஒரு வரிதான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதனுக்கு ஒரு இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது, சாயங்காலம் கைக்காசு இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் வாழும் தெருவில் தண்ணீர் வருகிறதா, எண்ணூர் பக்கத்துப் புகை உங்கள் மகளின் நெஞ்சில் இறங்குகிறதா என்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு, அதைப் பற்றி அக்கறைப்படுவதற்கு யாருடைய அனுமதியும் தேவை இல்லை. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு விலையாக நீங்கள் எதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று பார்த்தால் எனக்கு நிஜமாகவே கவலையாக இருக்கிறது. முப்பத்தைந்து வருடமாக நீங்களும் உங்கள் பெற்றோரும் எந்தத் தப்பும் செய்யாமல் காப்பாற்றி வைத்திருக்கும் காகிதங்கள் இன்னொருவர் மேசை டிராயரில் கிடக்கின்றன. அதைவிட, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு பொய் உறுதிமொழி எங்கேயோ இருக்கிறது.

படிவம் 6 தான் அவசரம்

மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம், இதை இந்த வாரமே செய்ய வேண்டும். வாக்காளர் பட்டியலில் சேர இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், இது அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு. குடிமகன் அல்லாதவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று 1950ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. படிவம் 6இல் நீங்கள் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலே “நான் இந்தியக் குடிமகன்” என்ற உறுதிமொழி இருக்கிறது, பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. பொய் என்று தெரிந்தே அப்படி எழுதிக் கொடுத்தால் அதே சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஓட்டர் ஐடி வந்தால் குடியுரிமை தானாக வரும் என்று அண்ணன் சொன்னது முற்றிலும் தலைகீழ். குடியுரிமை இருந்தால்தான் ஓட்டு. ஓட்டு அட்டையைக் காட்டிக் குடியுரிமை கேட்க முடியாது. ஆதாரும் அப்படித்தான், அது இங்கே வசிப்பவருக்கான எண், குடியுரிமைக்கு ஆதாரம் இல்லை என்று ஆதார் சட்டத்தின் 9ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. இன்னொரு பக்கம், இயல்புரிமைக் குடியுரிமைக்கு, அதாவது பல வருடம் இங்கே வசித்ததை வைத்துக் கேட்கும் குடியுரிமைக்கு, விண்ணப்பிப்பவர் நல்ல நடத்தை உள்ளவராக இருக்க வேண்டும் என்பது குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் உள்ள நிபந்தனை. நாளைக்கு வழி திறக்கிற நேரத்தில் “இவர் பொய் சொல்லி ஓட்டர் ஐடி வாங்கியவர்” என்று ஒரே ஒரு தாள் கோப்பில் இருந்தால் போதும்.

இதில் எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்கள் என்றும் நினைக்காதீர்கள். பட்டியலில் உள்ள ஒரு பெயரை நீக்கச் சொல்லி அதே தொகுதி வாக்காளர் எவரும் படிவம் 7 கொடுக்கலாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு பெயரையும் எல்லாக் கட்சியும் உற்றுப் பார்க்கிறது. தெருவில் உங்களை எல்லோருக்கும் தெரியும் என்பது இந்த விஷயத்தில் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

என்ன செய்வது? ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு, விண்ணப்பம் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் படிவத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுங்கள், கதை முடிந்தது. போயிருந்தால் வாக்காளர் பதிவு அலுவலருக்கு, விவரம் புரியாமல் கையெழுத்திட்டேன், நான் இலங்கையைச் சேர்ந்த பதிவுபெற்ற அகதி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். பெயர் ஏறிவிட்டது என்றால் நீங்களே படிவம் 7 கொடுத்து நீக்கிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தைத் தனியாக எழுதாதீர்கள், வார்த்தை முக்கியம், அதனால்தான் வழக்கறிஞர் என்கிறேன். 31ஆவது பிரிவு “பொய் என்று தெரிந்து அல்லது நம்பி” என்பதை வைத்துத்தான் நிற்கிறது. யாரும் கேட்பதற்கு முன்னால், நீங்களாக வந்து சரிசெய்ததற்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு. மாட்டிக்கொண்ட பிறகு அதையே சொன்னால் அந்த மதிப்பு இருக்காது. பெயர் ஏறியிருக்கிறது என்பதற்காக வாக்குச்சாவடிப் பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் போய்விடாதீர்கள்.

கொடி கட்டுவது குற்றமா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. அகதி ஒருவர் கட்சிப் பணிமனையில் நாற்காலி போட்டால் இன்ன தண்டனை என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் “செய்யலாம்” என்று உங்களைப் பாதுகாக்கும் சட்டமும் இல்லை. பேசுவது, கூடுவது, சங்கம் சேர்வது ஆகிய, அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும். 14உம் 21உம், அதாவது சட்டத்தின் முன் சமம் என்பதும் உயிர், சுதந்திரம் பற்றியதும், இந்த மண்ணில் நிற்கும் எல்லோருக்கும். அரசியல் கட்சி என்பதையே இந்தியக் குடிமக்களின் அமைப்பு என்றுதான் 1951ஆம் வருடச் சட்டத்தின் 29ஏ பிரிவு சொல்கிறது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. நீங்கள் இங்கே இருப்பது அரசின் ஆணைகளாலும் ஏட்டில் உள்ள பதிவாலும்தான். அந்தப் பதிவுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

நடந்ததைப் பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்கத்தில் பிரசாரத்துக்குப் போன வங்கதேச நடிகர் பிர்தவுஸ் அகமதுவின் விசாவை உள்துறை அமைச்சகம் ரத்து செய்து, நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. அதே வருடம் டிசம்பரில் நம்ம ஐஐடி மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்த ஜெர்மன் மாணவர் ஒருவர் குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்டத்துக்குப் போனதால் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மறுபக்கமும் இருக்கிறது: கொல்கத்தாவில் இதே மாதிரி வெளியேறச் சொல்லப்பட்ட போலந்து மாணவரின் நோட்டீஸை 2020இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்கலாம். ஆனால் அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. உங்களுக்கு வீடு திருவொற்றியூரில்தான் இருக்கிறது.

அதனால் நான் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன். பந்தல்காரரிடம் கூலிக்கு வேலை பார்க்கிறீர்கள், அவர் எல்லாக் கட்சிக்கும் பந்தல் போடுகிறார், நீங்கள் வெல்டிங் அடிக்கிறீர்கள் என்றால் அது பிழைப்பு, அதை விட வேண்டாம். பணிமனையில் சாப்பாடு பரிமாறுவதில் பெரிய ஆபத்து இல்லை, ஆனாலும் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு படத்தில் நிற்காதீர்கள். மேடையில் பேசுவது, ஊர்வலத்தில் கொடி பிடிப்பது, துண்டறிக்கை கொடுப்பது, பட்டியலோடு வீடு வீடாகப் போவது இவற்றை நிறுத்துங்கள். பாக முகவராகவோ (பட்டியலின் ஒரு பாகத்துக்குக் கட்சி வைக்கும் ஆள்) பூத் ஏஜென்டாகவோ உட்கார அந்த இடத்து வாக்காளராக இருக்க வேண்டும், யார் சொன்னாலும் வேண்டாம். கட்சிக்கோ வேட்பாளருக்கோ பத்து ரூபாய் கூட நன்கொடை கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக் குடிமகன் கொடுக்கும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வெளிநாட்டுப் பணம்தான், கொடுத்தவர் எவ்வளவு ஏழை என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

பை கொடுத்தால் தொடாதீர்கள்

நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் “கடைசி ரெண்டு நாள் முக்கியமான வேலை உனக்குத்தான்னு அண்ணன் சொல்லிருக்காரு” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வடசென்னையில் கடைசி இரண்டு நாள் முக்கியமான வேலை என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க வேண்டிய ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்து, டிசம்பர் 21 அன்று நடத்தியது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் ஒரு வருடம் வரை சிறைக்குரிய குற்றம், பணத்தை எடுத்துப் போய்க் கொடுத்தவரும் அதில் வருவார். பறக்கும் படை பைக்கை நிறுத்தினால் பையோடு நிற்கப் போவது நீங்கள். ஓட்டு இல்லாத, ஜாமீனுக்கு ஆள் தேட வேண்டிய, நாளைக்குக் கட்சியைக் கேள்வி கேட்க முடியாத ஒருவரை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் அது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையால் மட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவர் போனை எடுப்பாரா?

தாத்தாவின் காகிதம் எங்கே?

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். உங்கள் அப்பாவின் குடும்பம் நுவரெலியா தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தது, 1977 கலவரத்துக்குப் பிறகுதான் வவுனியாவுக்கு வந்தார்கள் என்று. என் கண்ணுக்கு இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயம் இதுதான்.

தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களின் குடியுரிமை பற்றி 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அப்போது இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்களா, அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்ததா, கப்பல் ஏறாமலேயே நின்றுபோனார்களா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். முகாம்களில் இருக்கும் மலையகப் பின்னணி உள்ள குடும்பங்கள் தொடுத்த வழக்கில், 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. பரிசீலிக்கச் சொன்னதுதான், கொடுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாசல் உங்களுக்குப் பொருந்தக்கூடும், மற்ற பலருக்குப் பொருந்தாது. அம்மா, சித்தப்பா யாரிடமாவது ஒரு மஞ்சளடித்த தாள், தோட்டத்துப் பதிவு, பிறப்புச் சான்று, பழைய பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.

தங்கை விஷயம். இந்தியாவில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்குத்தான். அதனால்தான் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் மதுரைக் கிளையின் உத்தரவால் பாஸ்போர்ட் கிடைத்தது, 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தங்கை 1993. அந்த தேதிக்குப் பிறகு, 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அங்கேயும் உங்கள் அப்பாவின் நிலை என்ன என்ற கேள்விக்கே திரும்பி வருகிறோம், அதனால் தாத்தாவின் காகிதம் அவளுக்கும் சேர்த்துத்தான்.

மனைவி இந்தியர், ஏழு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதை வைத்துக் கேட்க முடியாதா என்றால், குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) அப்படி ஒரு வழியைச் சொல்கிறது, ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களுக்கு அதை மூடிவைத்திருக்கிறது. 2019 திருத்தத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்தான் உண்டு, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்த பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. நீங்கள் அதற்குள் வருகிறீர்கள், இது பெரிய நிம்மதி, ஆனால் இது குடியுரிமை இல்லை. பதிவு தொடர்ந்து இருந்தால்தான் இந்த விலக்கும் உங்களுக்கு உதவும்.

மகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா இந்தியர் என்பதால் பிள்ளை தானாக இந்தியர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு ஒரு பெற்றோர் குடிமகனாக இருப்பது மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. இதைப் படித்துப் பதறாதீர்கள், சிறப்புக் காரணம் இருந்தால் எந்த மைனரையும் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசுக்கு 5(4)இல் அதிகாரம் இருக்கிறது. அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை காத்திராமல் இப்போதே அதைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது

சண்டை போட வேண்டாம். “ஸ்டேஷன்ல அட்டையோட வரச் சொல்லியிருக்காங்க” என்று முதலில் அசல்களை வாங்குங்கள். பதிவுக்கு அட்டையைக் காட்ட வேண்டியது நிஜம்தான், பொய் இல்லை. அப்புறம் “வக்கீல் வேண்டாம்னு சொல்லிட்டாங்கண்ணே, கேஸ் வந்தா உங்களுக்கும்தான் கஷ்டம்” என்று சொல்லுங்கள். தகுதி இல்லாதவரிடம் படிவம் வாங்கினது வெளியே வந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அது அவருக்கே தெரியும், அதனால் போலீஸுக்குப் போவார் என்ற பயத்தில் நீங்கள் தூக்கம் கெட வேண்டியது இல்லை. மிரட்டினால் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

உங்கள் மனைவி குடிமகள். அவருக்கு விருப்பம் இருந்தால் அவர் கட்சியில் சேரலாம், பூத் ஏஜென்டாக உட்காரலாம், ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் “எங்க வீட்டுக்காரரோட குடியுரிமைக்கு என்ன செய்வீங்க” என்று வாசலில் நிறுத்திக் கேட்கலாம். நீங்களும் எம்எல்ஏ, எம்பி யாருக்கும் மனு எழுதலாம், மனு கொடுக்க ஓட்டு தேவை இல்லை.

வேலைக்கு: உங்கள் கையில் தொழில் இருக்கிறது, தடுப்பது காகிதம். அப்படியானால் தொழிலை மனைவி பெயரில் ஆரம்பியுங்கள். கேட், கிரில், படிக்கட்டு வேலைக்குச் சின்னப் பட்டறை போதும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, மாநகராட்சித் தொழில் உரிமம் அவர் பெயரில் எடுக்கலாம், வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி மானியக் கடனுக்கு அவர் தகுதியானவரா என்று கிண்டியில் உள்ள தொழில் வணிகத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிலும், 1984 முதல் அகதிகளோடு வேலை செய்கிற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திலும் திறன் பயிற்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

வழக்கறிஞருக்குக் காசு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் இலவச உதவி பெறத் தகுதியானவர்களில் இனக் கலவரத்தால் பாதிக்கப்பட்டவர்களும் வருகிறார்கள், பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்துப் பக்கத்திலுள்ள மாநில சட்டப் பணிகள் ஆணையத்துக்கு நேரில் போகலாம். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அகதி அட்டை, வெளிப்பதிவுக் கடிதம், திருமணப் பதிவுச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, மனைவியின் ஓட்டர் அட்டை, தங்கையின் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் எடுத்து வையுங்கள். தாத்தாவின் தாள் கிடைத்தால் அதை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள், அசலைச் சரிபார்க்க முடியாமல் போய்விடும்.